காந்தக் கூண்டில் நிற்காத ஒளி: ஃபியூஷன் பிளாஸ்மா ஏன் குளிர்ந்துபோகிறது?

எபிசோடின் ஒலிப்பதிவை வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.

போன எபிசோடைக் கேட்காதவங்களுக்குச் சின்னதா ஒரு முன்கதை. ஹைட்ரஜனோட கனமான வகைகள் ரெண்டு இருக்கு: டியூட்டீரியம், டிரிட்டியம். இதுங்களோட அணுக்கருவை மோதவிட்டு ஒட்ட வச்சா ஒரு ஹீலியம் அணுக்கருவும் ஒரு நியூட்ரானும் வரும், கூடவே நிறைய சக்தியும் வரும். அதுதான் ஃபியூஷன், அணுக்கரு இணைவு. அதுக்குச் சுமார் 15 கோடி டிகிரி சூடு வேணும். அந்தச் சூட்டுல எலக்ட்ரான் தனி, அயனி தனின்னு பிரிஞ்சு வாயு பிளாஸ்மாவா மாறிடும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது. அதனால மெதுவடை வடிவத்துல ஒரு வெற்றிடக் கூடு கட்டி, காந்தப்புலத்தால பிளாஸ்மாவைச் சுவர்ல படாம மிதக்க விடுறாங்க. அந்த மெஷினுக்குப் பேர் டோகமாக்.

அந்த எபிசோடுக்கு ஒரகடம் பக்கத்துல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவர் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல டிக் வெல்டர். ஆர்கான் வெல்டிங்னு சொல்வாங்களே, அது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்தான் அவரோட வேலை. அவர் கேட்டது இது: “ப்ரோ, எங்க வெல்டிங் ஆர்க்கும் பிளாஸ்மாதானே? டார்ச் பட்டனை அமுக்கினா உடனே எரியுது. ஷிஃப்ட் முழுக்க எரியுது. இவங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?”

ரொம்ப நியாயமான கேள்வி. ஃபியூஷன் தாமதத்துக்குக் காரணம் ஒண்ணு மட்டும் இல்லை. பிளாஸ்மாவோட கொந்தளிப்பு, சூப்பர்கண்டக்டர் காந்தங்கள், டிரிட்டியம் தட்டுப்பாடுன்னு பட்டியல் நீளம். ஆனா இவர் தினமும் முகத்துக்கு நேரா பார்க்குற ஒரு விஷயத்துல இருந்தே பதிலோட பெரிய பங்கைச் சொல்லிடலாம். அந்த விஷயம் ஒளி.

ஆர்க்குக்குக் கவலை இல்லாத செலவு

டிக் ஆர்க்கோட சூடு 10,000 டிகிரிக்கு மேல போகும். அதுல இருந்து கண் கூசுற வெளிச்சமும் புற ஊதாக் கதிரும் கொட்டிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் கருப்புக் கண்ணாடி வச்ச ஹெல்மெட். அது இல்லாம பார்த்தா ராத்திரி கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும்.

அந்த வெளிச்சம் முழுக்கவே ஆர்க்ல இருந்து வெளியே போற சக்திதான். ஆனா வெல்டருக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை. வெளிச்சமா எவ்வளவு போனாலும் பவர் சோர்ஸ்ல இருந்து கரண்ட் வந்துக்கிட்டே இருக்கு. பட்டனை விட்டா ஆர்க் அணைஞ்சிடும், அவ்வளவுதான்.

ஃபியூஷனோட லட்சியமே வேற. இங்கே பிளாஸ்மா தன்னைத்தானே சூடா வச்சுக்கணும். ஒரு இணைவுல வர்ற சக்தியை 100 ரூபாய்னு வச்சுக்கோங்க. அதுல 80 ரூபாயை நியூட்ரான் எடுத்துட்டு வெளியே போயிடும். நமக்கு மின்சாரம் தரப்போறதுல பெரும் பங்கு அதுதான். மீதி 20 ரூபாய் ஹீலியம் அணுக்கரு கையில இருக்கும். அதுக்கு மின்னேற்றம் உண்டு, அதனால காந்தக் கூண்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி, மோதி மோதி, பிளாஸ்மாவைச் சூடாக்கும். குடும்பம் நடக்க வேண்டியது இந்த 20 ரூபாய்ல. அதுல ஒளியா எவ்வளவு கசியுதுங்கிறதுதான் வாழ்வா சாவா கேள்வி.

காந்தத்துக்குப் பிடிபடாத ஆள்

காந்தப்புலம் மின்னேற்றம் உள்ள துகளைத்தான் வளைக்கும். எலக்ட்ரான், அயனி எல்லாம் அது சொன்ன பேச்சைக் கேட்கும். ஒளிக்கு மின்னேற்றமே கிடையாது. உலகத்துலயே பலமான காந்தத்தைக் கொண்டு வந்து வச்சாலும், எக்ஸ்ரே ஒரு சலாம் போட்டுட்டு நேர்கோட்டுல போயிடும்.

“அப்போ சூரியன் எப்படி எரியுது? அங்கேயும் ஒளி போகுதே?”ன்னு கேட்கலாம். சூரியனோட மையத்துல பிறக்குற ஒளியால நேரா வெளியே வர முடியாது. அவ்வளவு அடர்த்தி. நாலா பக்கமும் முட்டி, உறிஞ்சப்பட்டு, திரும்ப வெளிவந்து, மேற்பரப்புக்கு வந்து சேர ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும். சில கணக்குகள்ல லட்சம் வருஷத்தைத் தாண்டுது. சூரியன் தனக்குத் தானே போர்வை. அதனாலதான் அது ரொம்ப மெதுவா வேலை செஞ்சாலும் போதும். மையத்துல ஒரு கன மீட்டருக்குக் கிடைக்கிற சக்தி 300 வாட்டுக்கும் குறைவு. நம்ம வீட்டு மிக்ஸி அதைவிட அதிகமா இழுக்கும்.

டோகமாக் பிளாஸ்மாவுக்கு அந்தப் போர்வை இல்லை. ஒரு கன மீட்டருக்கு 1-க்குப் பின்னாடி 20 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில துகள்கள் இருக்கும். கேட்கப் பெருசா இருக்கும், ஆனா நாம சுவாசிக்கிற காத்து அதைவிடச் சுமார் 2.5 லட்சம் மடங்கு அடர்த்தி. அவ்வளவு மெல்லிசான பொருள்ல எக்ஸ்ரே எங்கே முட்டும்? பிறந்த உடனே சுவர்ல போய் விழுந்துடும்.

ஸ்ரீபெரும்புதூர்ல கண்ணாடி ஆலை இருக்கு இல்லையா, அங்கே கண்ணாடி உருக்குற உலை 1,500 டிகிரிக்கு மேல இருக்கும். அந்த உலைச் சுவரும் சிவந்து, தன் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். கொடுக்கல் வாங்கல் சரியா இருக்கிறதால சூடு நிக்கும். டோகமாக்ல சுவர் சூட்டை வாங்கிக்கும், திருப்பித் தராது. பிளாஸ்மா 15 கோடி டிகிரி, சுவர் சில நூறு டிகிரி. அந்தச் சுவர்கிட்ட இருந்து திரும்பி வர்ற ஒளி யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மூணு வழியில கசிவு

இந்த ஒளி எங்கே இருந்து வருது? மூணு வழி இருக்கு.

முதல் வழிக்குப் பேர் பிரெம்ஸ்ட்ராலுங். ஜெர்மன் சொல், ‘பிரேக் போடும் கதிர்வீச்சு’ன்னு அர்த்தம். வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டுல கம்பெனி பஸ்ல போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒவ்வொரு வளைவுலயும், ஒவ்வொரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னாடியும் டிரைவர் பிரேக் போடுவார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் வீணாகும். பிளாஸ்மாவுல எலக்ட்ரான் அயனிக்குப் பக்கத்துல போகும்போது வளையும், வேகம் குறையும், குறைஞ்ச சக்தி எக்ஸ்ரேயா வெளியே போகும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாய்லயும் பெரும்பாலும் நடக்குறது இதேதான். சுத்தமான எரிபொருள்லயும் இது நடக்கும், தவிர்க்கவே முடியாது. ஆனா எலக்ட்ரான் யாரைத் தாண்டிப் போகுதுங்கிறதைப் பொறுத்து இழப்பு மாறும். ஹைட்ரஜனோட மின்னேற்றம் 1. எதிர்ல இருக்கிற அயனியோட மின்னேற்றம் 6 ஆனா, அந்த ஒரு அயனியால வர்ற இழப்பு 36 மடங்கு. அதாவது வர்க்கத்துல ஏறும்.

இரண்டாவது வழி வரிக் கதிர்வீச்சு. தெருவுல பழைய சோடியம் விளக்கு மஞ்சளா எரியுமே, அது. அணுவோட ஒட்டிக்கிட்டு இருக்கிற எலக்ட்ரான் ஒரு மோதல்ல மேல் படிக்கு ஏறும், கீழே இறங்கும்போது தனக்கே உரிய நிறத்துல ஒளியை விடும். திரும்ப மோதல், திரும்ப ஏத்தம், திரும்ப ஒளி. ஒரு விநாடிக்குள்ள ஒரே அணுவுல இது எத்தனையோ தடவை நடக்கும். ஹைட்ரஜன் கிட்ட இருக்கிறதே ஒரு எலக்ட்ரான், பிளாஸ்மாவோட நடுவுல அது எப்பவோ கழண்டு போயிருக்கும். கார்பனோட ஆறும் அங்கே கழண்டிடும். எலக்ட்ரான் ஒட்டிக்கிட்டு இல்லைன்னா வரிக் கதிர்வீச்சும் இல்லை. ஆனா டங்ஸ்டன் கிட்ட 74 எலக்ட்ரான் இருக்கு. 15 கோடி டிகிரியிலயும் கடைசிப் பத்துச் சொச்சத்தை அது விடாது. நடு பிளாஸ்மாவுல உட்கார்ந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கிற விளக்கு அது. எரியறதுக்குக் காசு நம்ம 20 ரூபாய்ல இருந்துதான் போகும்.

மூணாவது வழி சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. காந்தப்புலத்துல எலக்ட்ரான் சுத்துறதாலேயே வர்றது. 1 டெஸ்லா புலத்துல விநாடிக்கு 2,800 கோடி சுத்து, அதாவது 28 கிகாஹெர்ட்ஸ். 5ஜி ஏலத்துல 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைன்னு கேட்டிருப்பீங்களே, அதுக்குப் பக்கத்து வீடு. இதுல பெரும் பகுதியை பிளாஸ்மாவே திரும்ப உறிஞ்சிக்கும், உலோகச் சுவரும் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால 15 கோடி டிகிரியில இது பெரிய தலைவலி இல்லை. ஒளி வெளியே போற அதே வாசல் வழியா சக்தியை உள்ளே அனுப்பவும் முடியும். குஜராத் காந்திநகர்ல இருக்கிற பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்துல பிளாஸ்மாவைச் சூடாக்க 42 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் பயன்படுத்தியிருக்காங்க. 42-ஐ 28-ஆல வகுத்துப் பாருங்க, 1.5 டெஸ்லா வரும். அந்தப் புலத்துல எலக்ட்ரான் சுத்துற தாளத்துக்குச் சரியா அடிக்கிற அலை அது.

ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு

பிரான்ஸ்ல கட்டிக்கிட்டு இருக்கிற ஈட்டர் டோகமாக்கை எடுத்துக்குவோம். இந்தியாவும் அதுல பங்குதாரர், 2005 டிசம்பர்ல சேர்ந்தோம். அதோட இலக்கு: வெளியில இருந்து 50 மெகாவாட் சூடு கொடுத்து, 500 மெகாவாட் ஃபியூஷன் சக்தி எடுக்குறது. 500-ல 20 சதவீதம் ஹீலியம் பங்கு, 100 மெகாவாட். வெளிச்சூட்டையும் சேர்த்தா பிளாஸ்மாவுக்கு வரவு மொத்தம் 150 மெகாவாட்.

இப்போ செலவு. பிளாஸ்மாவோட கன அளவு சுமார் 830 கன மீட்டர். பாடப் புத்தகத்துல இருக்கிற பிரெம்ஸ்ட்ராலுங் சூத்திரத்துல ஈட்டரோட அடர்த்தி, வெப்பநிலை எல்லாம் போட்டா சுமார் 20 மெகாவாட் வருது. தாங்கலாம்.

இப்போ டங்ஸ்டனைச் சேர்ப்போம். 10,000 எலக்ட்ரானுக்கு ஒரே ஒரு டங்ஸ்டன் அணுன்னு வச்சாலே, அது மட்டும் பல பத்து மெகாவாட்டைச் சாப்பிட்டிடும். 10,000-ல சில அணுக்கள்னு ஆச்சுன்னா, எந்த வெப்பநிலைக்குப் போனாலும் பிளாஸ்மாவால தானா எரியவே முடியாது. வரவை மிஞ்சுற செலவு. அதனால லட்சத்துல சில அணுக்கள்ங்கிற அளவுக்குள்ள டங்ஸ்டனை நிறுத்தி ஆகணும். சாப்பாட்டுல உப்பு அதிகமாயிடுச்சுன்னு சொல்ற அளவு கூட இல்லை இது. அண்டாவுல ஒரு சிட்டிகை.

சுத்தமான எரிபொருளுக்கே ஒரு வாசல் உண்டு. சுமார் 5 கோடி டிகிரிக்குக் கீழே இருந்தா ஹீலியம் தர்ற சூட்டைவிட பிரெம்ஸ்ட்ராலுங் எடுத்துட்டுப் போறது அதிகம். அதுக்கு மேல போனாத்தான் லாபக் கணக்கே ஆரம்பிக்கும். சில ஸ்டார்ட்அப்கள் நியூட்ரானே கிட்டத்தட்ட வராத புரோட்டான்-போரான் எரிபொருளைப் பத்திப் பேசுறதைக் கேட்டிருப்பீங்க. போரானோட மின்னேற்றம் 5, தேவைப்படுற சூடு 100 கோடி டிகிரிக்கும் மேல. ரெண்டும் சேர்ந்து பிரெம்ஸ்ட்ராலுங் இழப்பை ஃபியூஷன் வரவுக்குப் பக்கத்துல கொண்டு போய் நிறுத்திடும். அந்த மாதிரிச் செய்தியைப் படிச்சா, “ஒளி இழப்புக்கு என்ன செய்யப் போறீங்க?”ன்னு முதல் கேள்வி கேளுங்க.

வெல்டருக்குத் தெரிஞ்ச குற்றவாளி

இவ்வளவு ஆபத்தான டங்ஸ்டனை எதுக்கு டோகமாக் பக்கமே கொண்டு வரணும்? இதுக்குப் பதில் நம்ம வெல்டர் நண்பரோட கையிலேயே இருக்கு. டிக்-ங்கிற பேர்ல முதல் எழுத்தே டங்ஸ்டன்தான். டார்ச் நுனியில இருக்கிற கூர்மையான கம்பி அது. உருகுநிலை சுமார் 3,420 டிகிரி, உலோகங்கள்லேயே அதுக்குத்தான் அதிகம். ஆர்க்கைத் தாங்க அதைவிட ஆள் இல்லை. டோகமாக் சுவருக்கும் அதே காரணம்தான்.

அதே டங்ஸ்டன் செய்யுற தப்பும் வெல்டருக்குத் தெரியும். கை ஆடி நுனி வெல்டு குழம்புல பட்டுட்டா, ஒரு துணுக்கு உள்ளே போயிடும். டங்ஸ்டன் இன்க்ளூஷன்னு பேர். வெளியே பார்த்தா வெல்டு அழகா இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிம்ல மட்டும் வெள்ளைப் புள்ளியா காட்டிக் கொடுத்திடும். ஜாயிண்ட் ரிஜெக்ட். டோகமாக்லயும் கதை அதேதான். சூடு தாங்க வச்ச உலோகத்துல இருந்து பிளாஸ்மா துகள்கள் மோதி அணுக்களைப் பேர்த்து எடுக்கும். அதுங்க உள்ளே போய் நடுவுல குடியேறிடும்.

1970-கள்ல அமெரிக்காவோட பிரின்ஸ்டன்ல பிஎல்டி-ங்கிற டோகமாக்ல இது நடந்தது. பிளாஸ்மாவோட விளிம்பைத் தடுக்கிற பகுதியில டங்ஸ்டன் வச்சாங்க. டங்ஸ்டன் அணுக்கள் நடுவுக்குப் போய்ச் சேர்ந்து, மையத்துச் சூட்டை ஒளியா கொட்டிடுச்சு. நடுவுலதான் அதிகச் சூடா இருக்கணும். ஆனா நடு குளிர்ந்து, சுத்தி இருக்கிற வளையம் சூடா இருந்தது. டங்ஸ்டனை எடுத்துட்டு, கடைசியில கார்பனுக்குப் போனாங்க. 1978-ல அதே மெஷின் சுமார் 6 கோடி டிகிரியைத் தொட்டது.

அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் உலகம் முழுக்க கார்பன் ராஜ்ஜியம். நடுவுல போனாலும் எலக்ட்ரான் எல்லாம் கழண்டு அடக்கமா இருக்கும், சூட்டுல உருகவும் உருகாது. ஆனா கார்பனுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஹைட்ரஜனை இழுத்து ஒட்ட வச்சுக்கும். டிரிட்டியமும் ஹைட்ரஜன் வகைதானே? அது கதிரியக்கப் பொருள், கிடைக்கிறதும் அரிது. எரிபொருளைச் சுவரே விழுங்கினா மின் நிலையம் நடத்த முடியாது.

அதனால திரும்ப டங்ஸ்டன். இங்கிலாந்துல ஜெட்-ங்கிற பெரிய டோகமாக் தன் கார்பன் சுவரை முழுக்கக் கழட்டிட்டு, 2011-ல டங்ஸ்டனும் பெரிலியமும் வச்ச புதுச் சுவரோட ஓட ஆரம்பிச்சது. ஆரம்பத்துல டங்ஸ்டன் உள்ளே சேர்றதைக் கட்டுப்படுத்தத் திணறினாங்க. கத்துக்கிட்டாங்க. அந்தச் சுவரோடயே 2023-ல 69 மெகாஜூல் ஃபியூஷன் சக்தி எடுத்துச் சாதனை பண்ணிட்டு ஓய்வு பெற்றது. 2025 பிப்ரவரியில பிரான்ஸோட வெஸ்ட் டோகமாக், டங்ஸ்டன் சுவரோட பிளாஸ்மாவை 1,337 விநாடி, அதாவது 22 நிமிஷத்துக்கு மேல நிறுத்திக் காட்டியது. ஈட்டரும் 2023-ல முடிவை மாத்திக்கிட்டு, பெரிலியம் வைக்கிறதா இருந்த உள்சுவரையும் டங்ஸ்டன் ஆக்கப்போறதா அறிவிச்சது. பல்லாயிரம் கோடி ரூபாய் திட்டம், அதோட தலையெழுத்து இப்போ ‘லட்சத்துல சில அணுக்கள்’ங்கிற வரம்பைக் காப்பாத்துறதுல தொங்குது.

ஆதித்யா சொல்ற பாடம்

நம்ம ஊர்ல இந்த வேலை எப்போ தொடங்குச்சு? பிளாஸ்மா இயற்பியலுக்கான திட்டம் 1982-ல அகமதாபாத்ல ஆரம்பிச்சு, 1986-ல பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமா ஆச்சு. இந்தியாவுலேயே வடிவமைச்சுக் கட்டின முதல் டோகமாக் ஆதித்யா, 1989-ல ஓட ஆரம்பிச்சது. வடையோட மையத்துல இருந்து பிளாஸ்மாவோட நடுவுக்கு 75 சென்டிமீட்டர், பிளாஸ்மாவோட தடிமன் அரை மீட்டர். பிளாஸ்மா நிக்கிறது ஒரு விநாடியில ஒரு பங்குதான். 2016-ல அதைப் புதுப்பிச்சு ஆதித்யா-யூ ஆக்கினாங்க.

இந்த அளவு மெஷின்ல பெரிய வில்லன் சுவர்ல ஒட்டியிருக்கிற ஈரம்தான். அதுல இருந்து ஆக்சிஜன், கிராஃபைட்ல இருந்து கார்பன். பிளாஸ்மா பிறக்குற முதல் சில மில்லிவிநாடியில சூடு கம்மி. ஆக்சிஜனும் கார்பனும் அப்போ முழுக்கக் கழண்டிருக்காது, பளிச்சுனு எரியும். கொடுக்கிற சூடெல்லாம் அந்த வெளிச்சத்துக்கே போனா, பிளாஸ்மா அந்த மேட்டைத் தாண்டாம அங்கேயே அணைஞ்சிடும். தாண்டிட்டா எலக்ட்ரான்கள் கழண்டு, கசிவு குறைஞ்சு, மேல ஏறிடும்.

இதுக்கு மருந்து சுத்தம். வெல்டிங் ராடை ஓவன்ல வச்சு ஈரம் போக்குவாங்க, ஜாயிண்டை அசிட்டோன் போட்டுத் துடைப்பாங்க, பைப்புக்குள்ள ஆர்கான் விட்டு பர்ஜ் பண்ணுவாங்க. அதே ஒழுக்கம்தான் இங்கேயும். கூட்டைப் பம்ப் பண்ணி வெற்றிடம் ஆக்கணும். ஹைட்ரஜன், ஹீலியம் வாயுல மெல்லிய மின்னொளியை எரியவிட்டு, சுவர்ல ஒட்டினதைச் சுரண்டி எடுக்கணும். சுவர்ல லித்தியம் பூசியும் ஆதித்யாவுல பார்த்திருக்காங்க. லித்தியம் ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்கும், தானே உள்ளே போனாலும் மின்னேற்றம் வெறும் 3.

எதிரியை ஓரத்துல உட்கார வைக்கிறது

இவ்வளவு நேரம் ஒளியைத் திட்டினேன். இப்போ கதை திரும்புது.

ஈட்டர் மாதிரி மெஷின்ல நடுவுல இருந்து சூடு வெளியே வந்துதான் ஆகணும். சுமார் 100 மெகாவாட், பிளாஸ்மாவோட விளிம்புல சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு படலம் வழியா கீழே ஓடும். அது போய் விழுற இடம் டைவர்ட்டர், டோகமாக்கோட சாம்பல் தட்டுன்னு வச்சுக்கலாம். அந்த டங்ஸ்டன் தட்டு தொடர்ந்து தாங்கக்கூடியது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 மெகாவாட். சென்னை மதிய வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட். அப்போ 10,000 மத்தியான வெயில். அதுக்கு மேல போனா ஆபத்து. வர்ற சூடு அப்படியே விழுந்தா இதைத் தாண்டிடும்.

அதனால அவங்களே வேணும்னு வெளி ஆளை உள்ளே விடுறாங்க, ஆனா ஓரத்துல மட்டும். நியான் இல்லைன்னா நைட்ரஜன் வாயுவை அளவா ஊதுவாங்க. விளிம்புல சூடு கம்மியா இருக்கிறதால அங்கே அந்த அணுக்கள்ல எலக்ட்ரான் ஒட்டியிருக்கும், ஜோரா எரியும். ஒரு கோட்டுல வந்து குத்த வேண்டிய சூடு, ஒளியா மாறி எல்லாச் சுவருக்கும் பரவிடும். வெல்டிங் டார்ச்சா வர்றதை டியூப்லைட்டா மாத்துற வேலை. நடுவுக்குத் தப்பிப் போன நியானும் அங்கே எல்லா எலக்ட்ரானையும் இழந்து ஓரளவு அடங்கிடும். அதனாலதான் டங்ஸ்டனுக்கு இந்த வேலையைக் கொடுக்கிறதில்லை.

ஆதித்யா-யூவுல நியானைக் கொஞ்சமா ஊதினப்போ, பிளாஸ்மா சூட்டைப் பிடிச்சு வைக்கிற திறனும் கூடுனதைப் பார்த்திருக்காங்க. ஜெர்மனியோட டெக்ஸ்டர் டோகமாக்ல 1990-கள்ல படிச்ச விஷயம் இது. விளிம்புல ஒளி கூடுது, உள்ளே கொந்தளிப்பு குறையுது.

ஆனா அளவு தப்பினா ஆபத்து. விளிம்பு ரொம்பக் குளிர்ந்தா இன்னும் அதிகமா ஒளி விடும், அதனால இன்னும் குளிரும், அந்தக் குளிர் உள்ளே பரவும். சாஃப்ட்வேர் ஆட்களுக்குத் தெரியும், ஒரு சர்வர் தடுமாறினா எல்லாரும் ரீட்ரை அடிச்சு அதை முழுசா சாய்ச்சிடுவாங்களே, அந்த மாதிரி ஒரு சுழல். கடைசியில சில மில்லிவிநாடியில பிளாஸ்மா மொத்தமா சரிஞ்சிடும். டிஸ்ரப்ஷன்னு பேர். அதுல இருந்து மெஷினைக் காப்பாத்துறதுக்கும் ஒளிதான் ஆயுதம். ஈட்டர்ல, பிளாஸ்மா சரியப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே ஹைட்ரஜனும் நியானும் உறைஞ்ச குண்டை உடைச்சு உள்ளே வீசுவாங்க. சக்தி ஒரே இடத்தைப் பொசுக்காம, எல்லாப் பக்கமும் ஒளியா கலைஞ்சு போகும்.

ஆக, ஒளி இழப்பைப் பூஜ்யம் ஆக்க முடியாது. நடுவுல குறைவா, ஓரத்துல அளவா நடக்க வைக்கலாம். டோகமாக் இன்ஜினியரிங்ல பெரும் பகுதி இந்த ஒரு வரிதான்.

சாட்சி சொல்ற ஒளி

15 கோடி டிகிரி பிளாஸ்மாவுக்குள்ள தெர்மாமீட்டர் விட முடியாது. உள்ளே யார் புகுந்திருக்காங்கன்னு வெளியே வந்து சொல்றது இந்தக் கசியிற ஒளியேதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி நிறக் கோடு, கைரேகை மாதிரி.

இந்தக் கைரேகை வித்தையில நம்ம பக்கத்துக்குப் பழைய சொந்தம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அப்போ மெட்ராஸ் மாகாணத்துல இருந்த குண்டூர்ல பிரெஞ்சுக்காரர் ழான்சனும், மசூலிப்பட்டினத்துல மெட்ராஸ் வானாய்வகத்தோட போக்சனும் சூரிய ஒளியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. அந்த வருஷம் பார்த்த ஒரு மஞ்சள் கோடுதான் பின்னாடி ஹீலியம்ங்கிற புதுத் தனிமத்துல போய் முடிஞ்சது. பூமியில கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே சூரியன்ல கண்டுபிடிச்ச தனிமம். ஃபியூஷன் விட்டுட்டுப் போற சாம்பலும் அதே ஹீலியம்தான்.

ஈட்டருக்கு இந்தியா கொடுக்கிறதுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சது ஹஜிரால எல்&டி செஞ்ச ராட்சத கிரையோஸ்டாட். அதிகம் பேசப்படாத இன்னொரு பொறுப்பும் நம்மகிட்ட இருக்கு. பிளாஸ்மாவுல இருந்து வர்ற எக்ஸ்ரேயைப் படிகங்களால பிரிச்சு, உள்ளே எந்த அசுத்தம் எவ்வளவு இருக்குன்னு படிக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர். டங்ஸ்டன் லட்சத்துல எத்தனைன்னு பார்த்துச் சொல்ற கண்கள்ல ஒண்ணு. வெல்டுல வெள்ளைப் புள்ளி தேடுற எக்ஸ்ரே இன்ஸ்பெக்டர் வேலைதான், ஆனா விநாடிக்கு விநாடி ஓடிக்கிட்டே.

புதுத் திட்டப்படி ஈட்டர் ஆராய்ச்சி ஓட்டத்தைத் தொடங்கப் போறது 2034-ல. இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற காலேஜ் பசங்களுக்கு ஒரு விஷயம்: அந்தக் கோடுகளைப் படிக்க இயற்பியல் தெரிஞ்சவங்க, டிடெக்டர் செய்யத் தெரிஞ்சவங்க, ரியல்-டைம்ல கோடு எழுதத் தெரிஞ்சவங்க எல்லாரும் வேணும். டங்ஸ்டனைச் சுத்தமா ஒட்ட வைக்கத் தெரிஞ்சவங்களும்தான்.

அடுத்த எபிசோடுல அந்த 80 ரூபாயை எடுத்துட்டு வெளியே ஓடுன நியூட்ரானைத் துரத்தலாம். சுவரை அது என்ன பண்ணுது, அதுல இருந்து மின்சாரம் எப்படி வருதுன்னு பார்ப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஷிஃப்ட்ல இருக்கிறவங்க ஹெல்மெட் போட்டுட்டு வேலை பாருங்க.